இரண்டு பைட்டில் ஒரு வீடு

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். கிழக்கு வாசல், வீட்டைக் கட்டியவர்கள் கொடுத்தது. மேற்கு வாசல், நான் ஒரு கணக்கில் செய்த தப்பால் திறந்தது. தப்பு செய்தவனுக்கு அடி விழும் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு வாசல் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நேரில் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் இடப்பள்ளியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கையடக்கக் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. சில வருஷங்களுக்கு முன் லாரிகள் எங்கே நிற்கின்றன என்று சொல்லும் பெட்டி ஒன்றைச் செய்தோம். சோப்பு டப்பா அளவு. இரண்டு வரி தெரியும் திரை, இரண்டு பொத்தான். நாங்கள் செய்து முடிப்பதற்குள் லாரிக்காரர்கள் எல்லாரும் போனுக்கு மாறிவிட்டார்கள். விற்காமல் மிஞ்சிய பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். நானும் வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பழைய இரும்புக்காரன்கூட இதைத் தொட மாட்டான் என்று அண்ணி சொன்னார். அவர் சொன்னது சரிதான், கேட்டுப் பார்த்தேன்.

கட்டில் அண்ணனுடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஏலூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு மழை நாளில் சரக்கின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் அப்பா திருநெல்வேலியிலிருந்து மிளகுக் கடைக்குக் கணக்கு எழுத வந்தவர், நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள். அண்ணன் பேசும் தமிழைக் கேட்டால் திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள் மலையாளி என்பார்கள், மலையாளிகள் பாண்டிக்காரர் என்பார்கள். "ரெண்டு பேருக்கும் வேண்டாத பிள்ளைடா நம்ம" என்பார் அண்ணன், ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி.

அவரைப் பார்க்க வாரம் ஒரு முறை பாலியேட்டிவ் சிஸ்டர் வருவார். இந்த ஊரில் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி வீட்டுக்கே வரும் நர்ஸை அப்படித்தான் சொல்வோம். சிறுநீர் டியூப் மாற்றுவது, முதுகுப் புண்ணைத் துடைப்பது, அண்ணியிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேசுவது எல்லாம் அவர் வேலை. ஒன்பது வருஷம் ஒரே சிஸ்டர் வந்தார். பிறகு அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் இருநூறு வீட்டு வழியும் அவர் தலைக்குள்தான் இருந்தது. அவர் விமானம் ஏறினால் வழிகளும் கூடவே ஏறிவிடும்.

போனில் இடங்களைக் குறித்து எல்லாருக்கும் அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் செய்து பார்த்திருந்தார்கள். சிஸ்டருக்கு உதவியாக வரும் தொண்டர்களின் வாட்ஸப் குழுவிலிருந்து ஒரு வீட்டின் இடம் எங்கெங்கோ போய், அந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று தெருவே பேசியது. அவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த அப்பா பாலியேட்டிவ் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்து அழுதாராம். அன்றோடு போனில் குறிப்பது நின்றது. சிஸ்டர் இதை எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னபோது, அண்ணன் படுத்தபடியே விரலால் தரையைக் காட்டினார்.

"டேய், எனக்குக் கீழே இருக்குற உன் சவத்துப் பெட்டியை எடுத்துக் குடேன். அதுக்கு வாட்ஸப் தெரியாதுல்ல?"

தெரியாது. அதற்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். அழியாமல் எழுதி வைக்க அதில் மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் இடம். பைட் என்பது பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஏதாவது ஒரு எண்ணை வைக்கக்கூடிய ஒரு குட்டி அறை, அவ்வளவுதான். உங்கள் போனில் இருக்கும் ஒரு பல்லிளிப்புப் படத்துக்கே இப்படி ஆயிரக்கணக்கான அறைகள் வேண்டும். உலகத்தில் ஒரு இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை என்று முழுசாக எழுதினால் எட்டு பைட் போகும். இருநூறு வீட்டுக்கு ஆயிரத்து அறுநூறு. ஒரு பெட்டியில் அறுபத்து நாலு வீட்டுக்கு மேல் ஏறாது.

நான் ஒரு வாரம் சாப்பாட்டில் கவனமில்லாமல் திரிந்தேன். அண்ணி ரசத்துக்குப் பதில் புளித்தண்ணீரை ஊற்றியிருந்தாலும் குடித்திருப்பேன். பிறகு புரிந்தது. மட்டாஞ்சேரியில் இருக்கும் எந்த வீட்டை எடுத்தாலும் எண்ணின் முதல் பாதி ஒன்றேதான். பக்கத்து வீட்டுக்குச் சீட்டு கொடுத்தனுப்புகிறவன் அதில் இந்தியா, கேரளா என்றெல்லாம் எழுதுவதில்லை. நானும் அதை விட்டேன். தென்மேற்கு மூலையில் ஒரு புள்ளியைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, போர்ட் கொச்சியையும் சேர்த்து நாலு கிலோமீட்டர் சதுரத்தைக் கட்டம் போட்டேன். கிழக்கே இருநூற்று ஐம்பத்தாறு கட்டம், வடக்கே அதே அளவு. ஒரு கட்டம் பதினாறு மீட்டர். எத்தனையாவது கட்டம் கிழக்கே, எத்தனையாவது வடக்கே என்று இரண்டு எண் போதும். ஒரு வீட்டுக்கு இரண்டு பைட்! இருநூறு வீட்டுக்கு நானூறு. மிச்சமும் இருந்தது. அன்று ராத்திரி எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனை எழுப்பிச் சொன்னேன்.

"பதினாறு மீட்டர் தப்பிப் போனா?" என்றார் அரைத்தூக்கத்தில்.

"போய் நின்னு ஒரு சத்தம் குடுத்தா யாராவது காட்டுவாங்கண்ணே. நம்ம ஊருல வழி காட்ட ஆளா இல்லை?"

சிஸ்டர் வளைகுடாவுக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பொத்தானை அழுத்தினார். வாசலில் நின்று அழுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவர் உள்ளே போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அழுத்தினார். அவருக்கு இடம் என்றால் நோயாளிதான். அதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான்தான் எதையும் கேட்காமல், எல்லாம் தெரிந்தவன் போலப் பெட்டியைக் கையில் கொடுத்தேன்.

புது சிஸ்டர் வந்தார். சின்ன வயது. அப்பா அம்மா தேனிப் பக்கத்திலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவர்கள். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்க மலையாளம்தான் வரும். முதல் மாதம் தொண்டர்கள் யாராவது கூடப் போய்க்கொண்டிருந்ததால் பெட்டிக்கு வேலையே இல்லை. அது சொல்வது சரியா தப்பா என்று யாரும் பார்க்கவுமில்லை. எங்கள் வீட்டுக்கு அந்த மாதம் பக்கத்து வார்டு சிஸ்டர் வந்து போனதால், இவர் இன்னும் வந்திருக்கவில்லை.

ஜூன் மழை. எங்கள் சந்தின் வாயில் குழாய் போட ஆளுயரத்துக்குத் தோண்டியிருந்தார்கள். ஒரே ராத்திரி மழையில் அது நிரம்பி, பள்ளம் எது, பாதை எது என்று தெரியாமல் கிடந்தது. நான் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துத் தொற்றி, பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணனின் டியூப் அடைத்துக்கொண்டது. முகமெல்லாம் வேர்க்கிறது, தலை வெடிக்கிறது என்று கத்துகிறார்.

அவருக்கு அடிவயிற்றில் வலி தெரியாது. ஆனால் டியூப் அடைத்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். சீக்கிரம் எடுக்காவிட்டால் தலையில் நரம்பு வெடித்து ஆள் போய்விடலாம் என்று பழைய சிஸ்டர் எங்களைப் பலமுறை எச்சரித்திருந்தார். அண்ணி ஏற்கெனவே பாலியேட்டிவ் ஆபீஸைக் கூப்பிட்டுவிட்டார். சிஸ்டர் கிளம்பிவிட்டதாகவும், அதுவரை அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ளும்படியும் சொல்லியிருந்தார்கள். நானும் கிளம்பினேன். இடப்பள்ளியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு மழையில் எவ்வளவு நேரமாகும் என்பது அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். பேருந்தில் உட்கார்ந்து, அண்ணிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. அடுக்களையில் அது அடித்துக்கொண்டிருக்க, அவர் இரண்டு கையாலும் அண்ணனைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் வேண்டாத தெய்வமில்லை. நடுவில் நின்ற சிக்னல் விளக்கைக்கூட வேண்டினேன்.

சிஸ்டர் ஆட்டோவில் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அம்புக்குறி காட்டிய பக்கமெல்லாம் திரும்பி, வந்து சேர்ந்துவிட்டது என்று பெட்டி கூவிய இடத்தில் இறங்கினார். எதிரே சுக்குக் கிடங்கு, இங்கே கோடவுன் என்போம். பெரிய கதவு, உள்ளே கூரை வரை மூட்டை. பாலியேட்டிவ் நோயாளி எங்கே என்று அங்கே மூட்டை தூக்கும் சேட்டன்மாரிடம் (மூத்த ஆண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டிருக்கிறார். இங்கே சுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். அப்போது மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் அண்ணன் கத்திய சத்தம்.

அந்தக் கோடவுனுக்கும் எங்கள் வீட்டுக்கும் முதுகோடு முதுகு. நடுவில் ஒரே சுவர். அண்ணனின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. அவருக்குப் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில், கையில் பையோடு, சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

சுற்றி வர வேண்டும் என்றால் எங்கள் சந்தின் வாய் வழியாகத்தான் வர வேண்டும். அங்கே குளம். "அந்த வழி வேண்டாம் மோளே, குழியில போயிருவே" என்று சேட்டன்மாரில் தலைவராக இருந்தவர் தடுத்திருக்கிறார். அறுபதை நெருங்கும் ஆள், இருபத்தைந்து வருஷமாக அதே கோடவுன். பிறகு அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீடும் கோடவுனும் ஒரே ஆளுடையவை. சுவரில் ஒரு கதவு இருந்தது. இரண்டு பக்கமும் பலகை அடித்து, எங்கள் பக்கம் சுண்ணாம்பு பூசி, அவர்கள் பக்கம் மூட்டை அடுக்கி, எல்லாரும் அதை மறந்துபோயிருந்தோம். அந்தப் பலகையில்தான் அண்ணி காலண்டர் மாட்டியிருந்தார்.

ஏழு பேர். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, முதலாளிக்குப் போன் போடவில்லை. அந்தச் சுவரோரம் கூரை தொட அடுக்கியிருந்த அத்தனை சுக்கு மூட்டையையும் வாங்கி வாங்கி வீசினார்கள். எத்தனை என்று எண்ண அங்கே ஆளில்லை. சிஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாராம். தும்மல்தான் வந்தது, மூட்டை வரவில்லை என்று பிறகு சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில், அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணிக்குச் சுவரில் யாரோ தட்டுவது கேட்டது. பயந்துபோய், "சுவத்துல யாரோ தட்டறாங்க" என்றார். அந்த வலியிலும் அண்ணன் சொன்னது இது: "எமன் முன்வாசல் வழியாத்தான் வருவான்னு நெனச்சேன். நம்ம சந்துல அவனுக்கும் வழியில்ல போலிருக்கு."

காலண்டர் விழுந்தது. பலகை பிளந்தது. மேலெல்லாம் சுக்குத் தூளோடு சிஸ்டர் உள்ளே வந்தார். கையைக் கழுவி, உறை மாட்டி, டியூப்பை எடுத்துப் புதுசு போட்டார். சில நிமிஷத்தில் அண்ணனின் முகம் தெளிந்தது. அதன் பிறகுதான் அந்தப் பெண் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அழுதாராம்.

நான் வந்து சேர்ந்தபோது அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். காலண்டர் இருந்த இடத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்திலேயே கைகூப்பினேன். தலைவர் சேட்டன், "ஒண்ணும் பேடிக்கண்டா, பயப்படாதீங்க, ஆளு சுகமாயிட்டார். நீங்க முதல்ல தலையைத் துவட்டுங்க" என்றார்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தப்பு பச்சையாகத் தெரிந்தது. கணக்கில் வரும் பின்னத்தைக் கிட்டத்தில் இருக்கும் கட்டத்துக்குத் தள்ளுவதற்குப் பதிலாக, வெட்டி எறிந்திருந்தேன். அதனால் இருநூறு வீடும் அவரவர் இடத்திலிருந்து மேற்கேயும் தெற்கேயும் நகர்ந்திருந்தன. எங்கள் வீடு பன்னிரண்டு மீட்டர் நகர்ந்து கோடவுன் வாசலில் போய் உட்கார்ந்திருந்தது. முதல் வருஷம் படிக்கும் பிள்ளை செய்யும் தப்பு. அது மட்டுமல்ல. பதினாறு மீட்டர்தானே என்று நினைத்தேனே, வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும் ஊரில் ஒன்றரை மீட்டர் தப்பினாலே அது வேறு தெரு. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியவில்லை. என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"சரியான வழியைக் காட்டியிருந்தா நான் அந்தக் குழியில நின்னிருப்பேன், சேட்டா" என்றார் சிஸ்டர், அடுத்த வாரம் வந்தபோது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. அதற்குக் காக்கை பெருமைப்பட முடியாது என்றேன். மற்ற வீடுகளுக்கு இப்படிச் சுவர் திறக்காது. என்ன செய்யலாம் என்று நானே அவரிடம் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எனக்கு வானத்துல இருந்து பாத்த கணக்கு வேண்டாம். எந்தச் சந்து, எத்தனை அடி உள்ள, எடமா வலமா. அது மதி."

மலையாளத்தில் மதி என்றால் போதும். அது மதியாகத்தான் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் குடை பிடித்து ஒவ்வொரு சந்தாக அடி எண்ணி நடந்தோம். சந்துகளின் வாய் எங்கே என்பதை மட்டும் துல்லியமாக அளந்து, புரோகிராமுக்குள்ளேயே பதித்துவிட்டேன். அங்கே இடம் தாராளம், ஆனால் அடிக்கடி மாற்ற முடியாது. மாற்ற வேண்டியதும் இல்லை. சந்துகள் அப்படியே இருக்கும், நோயாளிகள்தான் மாறுவார்கள். நோயாளிக்கு ஒரு பைட்டில் சந்தின் எண், இன்னொன்றில் இரண்டு காலடியை ஒன்றாக எண்ணி எத்தனை, எந்தப் பக்கம். அதே இரண்டு பைட். இப்போது பெட்டி நேராகக் கதவுக்கே கொண்டுபோய் நிறுத்தியது.

எங்கள் வீட்டை எழுதும்போது சிஸ்டர் என் கையைப் பிடித்தார். "இதுக்கு கோடவுன் சந்தைப் போடுங்க. நான் அந்த வழியாத்தான் வருவேன்." சேட்டன்மார் கதவுக்கு நேராக ஒரு ஆள் போகிற அளவு விட்டுத்தான் மூட்டை அடுக்கியிருந்தார்கள். முதலாளி வந்து பார்த்து, முனகிவிட்டு, கதவுக்குப் புதுக் கீல் போட்டுக் கொடுத்தார். தினமும் பதினொரு மணிக்கு அந்தக் கதவு தட்டப்படும். இரண்டு கிளாஸ் சாயா வரும், அண்ணனுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. வருஷக்கணக்காக என்னையும் அண்ணியையும் காலண்டரையும் பார்த்துக் கிடந்த மனுஷனுக்கு ஏழு பேர் நண்பர்கள் ஆனார்கள். லாரி, மழை, கட்சி, பந்து விளையாட்டு என்று பேச்சு ஓடும். "லாரியைத் தேடச் செஞ்ச பெட்டி, லாரிக்காரனைத் தேடிப் புடிச்சிருச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஒன்றரை வருஷம் அப்படி இருந்தார். அந்த ஒன்றரை வருஷத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு விடியற்காலையில், எந்தத் தொந்தரவும் இல்லாமல், தூக்கத்திலேயே போனார். எங்கள் முன்வாசல் நடையில் பாடை திரும்பாது. சேட்டன்மார் மூட்டைகளை இன்னும் கொஞ்சம் ஒதுக்கி, அவர்களே தோள் கொடுத்து, கோடவுன் வழியாக எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று அவர்கள் வேலைக்கு ஏறவில்லை.

பதினேழாவது நாள் காலையில் சிஸ்டர் பெட்டியோடு வந்தார். பெட்டியில் இப்போது இடம் மிச்சமில்லை, அண்ணனின் எண்ணை அழிக்க வேண்டும், அந்த இடத்துக்கு ஒரு புது ஆள் காத்திருக்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் போதும். நான் எழுதிய புரோகிராம்தான். பொத்தான்கள் மேல் இரண்டு விரலை வைத்ததோடு சரி. அண்ணி எழுந்து வந்து, என் விரல்களின் மேல் அவர் விரல்களை வைத்து அழுத்தினார். "அவரு படுத்துக் கெடந்தது போதும். அடுத்த ஆளைப் பாருங்க" என்றார்.

இனி அந்தக் கதவு எதற்கு, அவர்களும் எத்தனை நாள் மூட்டை அடுக்காமல் இடத்தைச் சும்மா விடுவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தலைவர் சேட்டன், கையில் இரண்டு கிளாஸ் சாயா. காரியம் முடியும்வரை வராமல் இருந்தவர். நீட்டிய பிறகுதான் இரண்டாவது கிளாஸைப் பார்த்தார். அண்ணனுடைய கிளாஸ். அதை மட்டும் பின்னால் இழுக்கப் போனார்.

"கொண்டா சேட்டா, அது எனக்கு" என்று சிஸ்டர் எட்டி வாங்கிக்கொண்டார்.

அண்ணியும் அவரும் கட்டில் இருந்த இடத்தில் நின்றுகொண்டே குடித்தார்கள். குடித்து முடித்ததும் சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு கோடவுன் வழியாக வெளியே இறங்கினார். புது ஆளின் வீட்டுக்கு அடி எண்ண வேண்டும். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அண்ணி கதவைச் சாத்தவில்லை.